கோனும் கண்டும்

தஞ்சைத் தரணியில் 'கோன்' என்றதும் யாவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெரிய கோயிலை எடுப்பித்த இராசராசன்தான். எங்கள் தையற்கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அடி பருத்து, நுனி சிறுத்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் விமானம்போல் நிற்கும் பெரிய நூல்கண்டைத்தான் நாங்கள் கோன் என்கிறோம். தையற்கடைக்காரர்கள் வாங்குவது அது. வீட்டுக்காரர்கள் வாங்குவதோ விரலளவு உயரமுள்ள சிறு கண்டு. கோனை வீட்டு மெஷினில் போடலாமா, கூடாதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சில தந்தையர் புன்னகைக்கக் கூடும். வீட்டில் மெஷின் மிதிக்கும் அன்னையர் புன்னகைக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வானதூதர் உடைகள் தைக்க வேண்டியிருந்தது. எல்லாம் வெள்ளை. சிறு கண்டுகள் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று ஒரு வெள்ளைக் கோன் வாங்கி வந்தோம். மெஷினின் தலையில் கண்டு மாட்டும் கம்பி இருக்கிறதல்லவா, அதில் கோனைக் கவிழ்த்துச் செருகினோம். அதன் துளை பெரிது, கம்பி மெல்லிது; ஆடாமலிருக்கக் காகிதத்தைச் சுருட்டித் திணித்தோம். மிதித்தால் நான்கு விரற்கடைத் தூரம் ஓடும், நூல் அறும். மறுபடி கோத்தால் மறுபடி அறும். ஊசியை மாற்றினோம், எண்ணெய் விட்டோம், டென்ஷன் திருகை இப்படியும் அப்படியும் திருகினோம். அழுகை வந்ததுதான் மிச்சம். பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் பார்த்த பார்வையிலேயே தீர்ப்புக் கூறிவிட்டார்: "வீட்டு மெஷின்ல கோன் போடக்கூடாதுங்க சிஸ்டர், மெஷினே போயிடும்." கோன் பீரோவின் மேல் ஏறியது. சிறு கண்டுகள் டஜன் கணக்கில் வந்தன. வானதூதர்களுக்கு எப்படியோ இறக்கை முளைத்தது.

கோன் கீழே இறங்கியதற்குக் காரணம் ஒரு தற்செயல். எங்களில் ஒருத்தி கீழவாசல் கடைத்தெருவில் நடந்து வருகையில், நம்முடையதைப் போன்ற அதே கறுப்புக் கால்மெஷினில் வயது முதிர்ந்த தையற்காரர் ஒருவர் தைத்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். மெஷினின் தலைக்கம்பி வெறுமையாக இருந்தது. கோன் மெஷினுக்குப் பின்னால், தரையில் ஒரு பலகைமேல் சாதுவாக நின்றிருந்தது.

"ஏன் தாத்தா, இதை மேலே மாட்டலையா?" என்று கேட்டாளாம்.

"அது உருள்றதுக்குச் செஞ்சது இல்ல பாப்பா, நிக்கிறதுக்குச் செஞ்சது" என்றாராம் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் செய்த ஆராய்ச்சியே மீதிக் கதை. சிறு கண்டில் நூல் ஒன்றன்பின் ஒன்றாக, நேர்வரிசையாகச் சுற்றப்பட்டிருப்பது வழக்கம். அதைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும்; இழுக்க இழுக்கக் கண்டு உருளும். கோனில் நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அதை நுனி வழியே, மேல்நோக்கி எடுக்க வேண்டும். கோன் அசையவே கூடாது. கோனைக் கம்பியில் மாட்டி உருளச் செய்தால் என்ன நேரும்? மெஷின் நூலை ஒரே சீராக இழுப்பதில்லை. ஒவ்வொரு தையலுக்கும் மேலும் கீழும் போகும் அந்த இரும்புக் கை, வெடுக்கென்று இழுத்துச் சட்டென்று விடுகிறது. வெற்று மாட்டுவண்டி ஒரு தட்டலில் புறப்படும், ஒரு பிடியில் நிற்கும். நெல்மூட்டை ஏற்றிய வண்டி எளிதில் புறப்படாது, புறப்பட்டால் எளிதில் நிற்காது. அறிவியல் பாடத்தில் நிலைமம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. கனத்த கோன் புறப்பட மறுக்கும்போது நூல் விறைத்து அறுகிறது. புறப்பட்டபின் நிற்க மறுக்கும்போது நூல் தொளதொளத்துக் கம்பியின் அடியில் சுற்றிக்கொள்கிறது. எங்கள் கண்ணீருக்குக் காரணம் மெஷினுமன்று, நூலுமன்று. கோனை நாங்கள் மாட்டிய விதமே.

இதை எங்களுக்கு நன்றாக விளங்க வைத்தவள் திருபுவனத்திலிருந்து வரும் ஒரு தோழி. அவள் வீட்டில் தறி உண்டு. "தார் மாதிரிதானே இது?" என்றாள். கயிற்றை இழுக்க இப்புறமும் அப்புறமும் பறக்கும் நாடாவுக்குள் ஊடைநூல் சுற்றிய தார் இருக்கிறது. நாடா ஓடும்போது தார் சுழல்வதில்லை. அதன் நுனி வழியாகத்தான் நூல் கழன்று வருகிறது. பட்டுக்குப் பேர்போன திருபுவனத்தில் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்த செய்தி, மெஷினை ஆண்டுக்கணக்கில் மிதித்த எங்களுக்குத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் கோன்தாங்கியைப் பற்றிச் சொல்லலாம். கடையில் இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் தாங்கிகள் கிடைக்கின்றன, வாங்குவோர் வாங்கலாம். நாங்கள் வாங்கவில்லை. ஒரு கனமான பலகைத் துண்டு, அதன் நடுவில் கோன் நிற்க ஒரு மரமுளை (பழைய பென்சில்கூடப் போதும்), ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி. கம்பிக்காக அலைந்தபோது கண்ணில் பட்டது உடைந்த குடை. குடைக்கம்பியின் முனையில் துணியைத் தைத்துப் பிடிப்பதற்கென்று ஒரு சிறு துளை உண்டு. நூல் நுழைய அதைவிடப் பொருத்தமான துளை ஏது? முனையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நூலை அறுக்கும்.

கம்பியை வளைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை கோனின் உச்சிக்கு நேர் மேலே வரவேண்டும். பக்கத்தில் விலகியிருந்தால் நூல் கோனின் விளிம்பில் உராயும். உயரமும் வேண்டும். அடியிலிருந்து அளந்தால், கோனின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. முதலில் நாங்கள் தாழ்வாக வைத்தோம். நூல் விட்டு விட்டு வந்தது. உயர்த்தியதும் வெண்ணெயில் இழுத்ததுபோல் வந்தது. அத்துளையிலிருந்து மெஷினின் முதல் நூல்வழிக்குக் கொண்டுபோய், பிறகு வழக்கம்போல் கோத்துக்கொள்ளலாம். தாங்கியை மெஷினின் பின்புறம் வைக்க வேண்டும். கைச்சக்கரத்துக்கும் வாருக்கும் அருகில் வைத்தால் நூலைச் சக்கரம் இழுத்துக்கொள்ளும். இதையும் அனுபவித்துத்தான் அறிந்தோம்!

வழுக்கலான நூலாயின் அதன் சுற்றுகள் தாமாகவே சரிந்து கோனின் அடியில் சிக்கும். அதற்கு அடியில் ஒரு கம்பளித் துண்டோ பழைய துவாலையோ போட்டால் போதும். தாங்கி செய்ய நேரமில்லாதவர்கள் வாயகன்ற பாட்டில் ஒன்றில் கோனை நிறுத்தி, சுவரில் ஓர் ஆணியில் ஊக்கு மாட்டி, அதன் வளையம் வழியாக நூலை எடுக்கலாம். புதுவகை மின்சார மெஷின்கள் பலவற்றில் கண்டுக்கம்பி படுக்கைவாட்டில் இருக்கிறது. அதில் கண்டு உருளாமல் நுனி வழியே நூல் வரும். ஆனால் அங்கே கோனுக்கு இடம் போதாது. ஆகவே அந்த மெஷின்களுக்கும் தாங்கிதான் வழி.

மெஷின் கெட்டுவிடும் என்ற தீர்ப்பு என்ன ஆயிற்று? பல மாதங்களாகக் கோனில் தைத்து வருகிறோம். மெஷின் நலமாக இருக்கிறது. நின்ற இடத்தில் நிற்கும் கோன் மெஷினுக்கு எந்தச் சுமையும் தருவதில்லை. பழுது பார்ப்பவரைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. கோனைக் கம்பியில் மாட்டிய மெஷின்களையே அவர் நாள்தோறும் பார்த்திருப்பார். எங்கள் வருத்தம் எங்களைப் பற்றியதே. ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் பீரோவின் மேல் தூக்கிவைத்தோமே!

இனி, கோன் வாங்குவோர் ஏமாறும் இடத்துக்கு வருவோம். எங்களில் ஒருத்தியின் அம்மா வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வயல்வேலை செய்கிறார். நடவும் களையும் போக மிஞ்சும் நேரத்தில் ஊராருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தீபாவளிக்கு முன் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கோன் வாங்கினார். பதினொரு ரவிக்கை தைத்தார். கையைத் தூக்கியதும் அக்குளில் பிரிந்தது என்று ஆறு திரும்பி வந்தன. கூலி போனது, இரண்டு வீட்டார் அதன்பின் வரவேயில்லை. அந்தக் கோனைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். அது ஓவர்லாக் மெஷினுக்கான நூல். துணியின் ஓரம் பிசிறாமல் கட்டும் அந்த மெஷின் மூன்று, நான்கு நூல்களை ஒன்றாகப் பின்னுகிறது. பாரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொரு நூலும் மெல்லியதாக இருக்கலாம். நம் மெஷினிலோ மேல்நூல் ஒன்று, அடிநூல் ஒன்று. அக்குளின் இழுவை முழுவதும் அவ்விரண்டின் தலையில்தான். கடையில் இரண்டு கோனும் ஒரே தட்டில் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விலை மட்டும்தான் வேறு.

எனவே உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள் என்கிறோம். டிக்கெட் எண் ஏற ஏற நூல் மெல்லிதாகும். டெக்ஸ் எண் என்று போட்டிருந்தால் தலைகீழ், எண் ஏற நூல் தடிக்கும். வீட்டுத் தையலுக்கு டிக்கெட் 120 பாலியஸ்டர் நூல் பெரும்பாலும் ஒத்துவருகிறது. ரவிக்கைத் துணிக்கு 14-ஆம் எண் ஊசியும், சீருடை போன்ற தடித்த துணிக்கு 16-ஆம் எண் ஊசியும் போடுகிறோம். சீட்டு இல்லாத கோனானால் ஒரு முழம் நூலை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள நல்ல நூலையும் அதேபோல் இழுத்து ஒப்பிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் முடிச்சும் பஞ்சும் தெரியும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு நேர்ந்ததை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், இந்த டெல்டா நாட்டில் தையல் மெஷின் பல வீடுகளில் பொழுதுபோக்குப் பொருளன்று. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2020-ல்தான் மறுபடி அந்த நாளில் தண்ணீர் வந்தது. குறுவை இல்லையென்றால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் பெண்களின் கூலி இல்லை. நடவு இயந்திரங்கள் வந்தபின் தண்ணீர் இருந்தாலும் கூலி குறைகிறது. அப்போது வீட்டில் அடுப்பெரிய உதவுவது மூலையில் இருக்கும் மெஷின்தான். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ்த் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் இலவசமாகத் தருகிறது. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளைத் தைத்துக் கூலி பெறுகின்றனர். இவை பாராட்டத்தக்கவை. ஆனால் மெஷின் ஒருமுறை வரும்; நூலை நாள்தோறும் அவரவரே வாங்க வேண்டும். நம் மெஷின் போடும் தையலுக்கு, தைக்கும் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு நூல் செலவாகிறது. மூன்று மீட்டர் சுற்றளவுள்ள பாவாடையின் கீழ்மடிப்புக்கு மட்டும் ஏழரை மீட்டர்! கண்டின் மேல் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறது, விலை எவ்வளவு, ஒரு ரூபாய்க்கு எத்தனை மீட்டர் என்று வகுத்துப் பாருங்கள். பிறகு கோனுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். எங்கள் கூடத்தில் ஏழாம் வகுப்புத் தங்கைகளே இக்கணக்கைப் போட்டார்கள். விடையை இங்கே எழுதவில்லை. கடைக்குக் கடை மாறும், நீங்களே போடுங்கள்.

மறுப்புகளும் உண்டு. "வீட்டில் தைப்பது பத்து நிறத்தில், பத்துக் கோன் வாங்க முடியுமா?" என்று ஓர் அருட்சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் பதில். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, பிள்ளையின் சீருடை நிறத்தில் ஒன்று. மற்ற நிறங்களுக்குச் சிறு கண்டே சிறந்தது. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு கோன் வாங்கி, ஆளுக்குச் சில பாபின்களில் சுற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஒரு பாபினை அடியில் போட்டு, இன்னொன்றை மேலே கண்டுக்கம்பியில் மாட்டித் தைத்தால் அழகாகவே ஓடுகிறது. பாபின் சுற்றும்போது மட்டும் நிதானமாக மிதிக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் பாலியஸ்டர் நூல் நீண்டுபோய், தைத்தபின் சுருங்கித் துணியைச் சுருக்கிவிடும். எங்கள் கூடத்தில் "மெஷின் சரியில்லை" என்று பழி சுமத்தப்பட்ட சுருக்கங்களில் பாதி இதனால் வந்தவையே.

இன்னொரு மறுப்பு: கோன் தீர நாளாகும், அதற்குள் வீணாகாதா? வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் நிறம் வெளுக்கும்தான். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி படியும்; ஐப்பசி அடைமழையில் பருத்தி நூலாயின் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு துணிப்பை தைத்து மூடிவைத்தால் தீர்ந்தது. தையல் தெரிந்தவர்களுக்குப் பை தைப்பதா கடினம்?

சிறு கண்டுக்கும் ஒரு கதை உண்டு. நெப்போலியன் ஐரோப்பாவின் துறைமுகங்களை மூடியபோது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக்குப் பட்டு வருவது அரிதாயிற்று. அங்கிருந்த கிளார்க் குடும்பத்தார் பட்டுக்கு ஈடாக வழுவழுப்பான பருத்தி நூலைச் செய்து, 1812-ஆம் ஆண்டளவில் தையலுக்கும் விற்றார்கள். முதலில் சிட்டமாகத்தான் விற்றார்களாம். பிறகு மரக்கண்டில் சுற்றிக் கொடுத்து, கண்டுக்கென்று அரை பென்னி வாங்கிக்கொண்டு, வெறுங்கண்டைத் திருப்பித் தந்தால் காசைத் திருப்பித் தருவார்களாம். அதே பெய்ஸ்லியின் கோட்ஸ் நிறுவனமும், ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் மதுரையிலும் தொடங்கிய நூலாலைகளும் 1974-ல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. தாமிரபரணிக்கும் வைகைக்கும் நம் தையற்பெட்டிக்கும் உள்ள உறவு அது.

காந்தியடிகள் இயந்திரங்களை எதிர்த்தவர் என்று படிக்கிறோம். அவர் விலக்களித்த இயந்திரங்களில் முதன்மையானது தையல் மெஷின். 1924-ல், சிங்கர் தம் மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாமல், அன்பினாலேயே இதைப் படைத்தார் என்ற பொருள்பட அவர் கூறினார். சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சற்று இருமுவார்கள். அவ்விவரம் நம் பள்ளி மலருக்கு ஏற்றதன்று. ஆனால் காந்தியடிகள் பார்த்த பக்கம் சரியானதே. மெஷினின் பெருமை அதை மிதிப்பவளின் களைப்பைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே எங்கள் கருத்தைப் பணிவுடன், ஆனால் தெளிவாகவே சொல்கிறோம். நம் தையல் வகுப்பில் காஜா எடுக்கக் கற்கிறோம், சங்கிலித் தையல் கற்கிறோம், பூவேலை கற்கிறோம். ரெக்கார்டு நோட்டில் மாதிரித் துண்டுகளை ஒட்டி மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் நூல் எப்படி ஓடுகிறது, ஏன் அறுகிறது, எந்த நூல் எதற்கு என்பதை யாரும் கற்பிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மெஷினின் உள்விவகாரம் பழுது பார்க்கும் ஆண்களுக்கு உரியது, நமக்கு மிதிப்பதே வேலை என்று இருந்துவிட்டோம். எட்டாம் வகுப்பிலேயே மாதம் ஒரு பாடவேளையை மெஷினுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று தலைமையாசிரியை அன்னை அவர்களிடம் கேட்டிருக்கிறோம். பூவேலையில் ஒரு மாதிரியைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். பூவேலை ஆசிரியை எங்களை மன்னிப்பாராக.

வெண்ணாற்றங்கரை அம்மா இப்போது சரியான கோனில் தைக்கிறார். தவறாக வாங்கிய கோனையும் வீணாக்கவில்லை. டாக்கா போட்டுப் பிடிப்பதற்கு அதையே பயன்படுத்துகிறார். திரும்பி வந்த ஆறு ரவிக்கைகளையும் எங்கள் கூடத்திலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தோம். போன இரண்டு வீட்டாரில் ஒருவர் பொங்கலுக்குத் துணி கொடுத்திருக்கிறார்.

இதுவரை ஏழு தாங்கிகள் செய்திருக்கிறோம். நான்கு கூடத்துக்கு, மூன்றை மாணவியரின் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். இன்னும் பதினாறு பேர் கேட்டிருக்கிறார்கள். பலகை இருக்கிறது, ஆணி இருக்கிறது. மழைக்காலம் முடிந்திருக்கும் இந்நேரத்தில் பெற்றோர் வீடுகளில் உடைந்த குடைகள் இருக்குமானால், பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பெண்களிடம் கொடுத்தனுப்புமாறு வேண்டுகிறோம்.